எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்தார் என்ற செய்தியைப் படித்ததும் பலருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் எம்.சி.பி. இருந்திருக்குமே, அது ஏன் விழவில்லை?" கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்பலகை ஸ்விட்சுதான் எம்.சி.பி. அது பழுதாக இருந்திருக்கும் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். மலிவான சரக்கு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்த எம்.சி.பி. நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். ஒரு மனித உடம்பு வழியே கரண்ட் போனால் விழ வேண்டும் என்று அதை யாரும் வடிவமைக்கவே இல்லை.

எம்.சி.பி.யும் அதற்கு முன்பிருந்த ஃபியூஸும் காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. ஆளைக் காப்பதற்கு எர்த் (சாதனத்தின் உலோக உடம்பைத் தரையோடு இணைக்கும் ஒயர்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் வேறு வழியில் கசிந்தால் துண்டிக்கும் கருவி) என்று வேறு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. இது ஏன் இப்படி என்று புரிய, மின்சாரம் வீட்டுக்குள் எப்படி வந்து எப்படித் திரும்புகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

## வோல்ட், ஆம்பியர், ஓம்

1. மின்னழுத்தம். கரண்டை ஓட வைக்கும் தள்ளுவிசை. அலகு வோல்ட். இது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம். "இந்த ஒயரில் 230 வோல்ட்" என்றால், "எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்க வேண்டும். வழக்கமாக அந்த இன்னொரு இடம் தரை.

2. மின்னோட்டம். பேச்சில் நாம் கரண்ட் என்பது. ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதை ஆம்பியரில் சொல்கிறோம். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர்.

3. மின்தடை. ஓடும் வழி எவ்வளவு தடுக்கிறது என்பது. அலகு ஓம்.

மூன்றையும் இணைக்கும் விதியை ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்டார்: மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 0.04 ஆம்பியர் போதும். மின்கட்டண ரசீதில் வரும் யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. அந்த ஹீட்டரை அரை மணி நேரம் போட்டாலும் அந்த விளக்கை 100 மணி நேரம் எரித்தாலும் ஒரே யூனிட்தான்.

கரண்ட் ஓட வேண்டுமானால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர ஒரு வழி வேண்டும். வழி எங்காவது அறுந்தால் எவ்வளவு வோல்ட் இருந்தாலும் ஓட்டம் இல்லை. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. கரண்டுக்கு அந்த உடம்பு வழியாகப் போய்ச் சேர இடம் ஏதும் இல்லை.

## வீட்டுக்கு வருவது எப்படிப்பட்ட மின்சாரம்?

பேட்டரியில் கரண்ட் ஒரே திசையில் ஓடும், அது நேர்மின்சாரம். சாக்கெட்டில் அது திசை மாறி மாறி ஓடுகிறது. உலகின் பெரும்பாலான நாடுகளில் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. வட அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சுழற்சி. 230 என்பதும் உச்ச அளவு கிடையாது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் ஒரு பக்கம் சுமார் 325 வரை ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபக்கம் அதே அளவுக்குப் போய்த் திரும்புகிறது. ஒரு ஹீட்டரை 230 வோல்ட் நேர்மின்சாரம் எவ்வளவு சூடாக்குமோ அதே அளவு சூடாக்குவதால் இதற்கு 230 என்று பெயர்.

திசை மாறும் மின்சாரம் வென்றதற்குக் காரணம் டிரான்ஸ்ஃபார்மர். எடிசன் 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய நிலையம் நேர்மின்சாரம்தான் தந்தது, அதனால் சுற்றுவட்டாரத்தைத் தாண்ட முடியவில்லை. கம்பியில் வீணாகும் வெப்பம் கரண்டின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே திறனுக்குக் கரண்ட் பத்தில் ஒரு பங்காகும், இழப்பு நூறில் ஒரு பங்காகும். ஏற்றுவதையும் வீட்டருகே திரும்ப இறக்குவதையும் டிரான்ஸ்ஃபார்மர் எளிதாகச் செய்யும். ஆனால் மின்சாரம் திசை மாறிக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போனதோடு அந்தப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

## ஃபேஸ், நியூட்ரல், எர்த்

தெரு டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று சுருள்கள் உண்டு. அவற்றின் ஒரு பக்க முனைகளிலிருந்து மூன்று ஃபேஸ் ஒயர்கள் புறப்படுகின்றன, மறுபக்க முனைகள் ஒரு பொதுப் புள்ளியில் சேர்கின்றன. அந்தப் புள்ளியிலிருந்து வருவது நியூட்ரல். பொதுவாக ஒரு வீட்டுக்கு ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வரும். ஃபேஸ் வழியே கரண்ட் வந்து, விளக்கிலோ மோட்டாரிலோ வேலை செய்து, நியூட்ரல் வழியே திரும்புகிறது. இரண்டிலும் ஓடும் கரண்ட் ஒரே அளவு. "நியூட்ரலில் கரண்ட் இருக்காது" என்பது தவறு. நியூட்ரலில் கரண்ட் உண்டு. தரையோடு ஒப்பிட்டால் அங்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை, அவ்வளவுதான்.

அங்கே மின்னழுத்தம் இல்லாமல் போவதற்குக் காரணம், டிரான்ஸ்ஃபார்மர் அருகே நியூட்ரலைத் தரையில் புதைத்த மின்முனையோடு வேண்டுமென்றே இணைத்திருப்பதுதான். பல விஷயங்களைத் தீர்மானிக்கும் இணைப்பு இது. இதனால்தான் தரையில் நிற்கிறவர் ஃபேஸைத் தொட்டால் கரண்ட் அவர் உடம்பு வழியாக மண்ணுக்குள் போய், மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. சுற்று பூர்த்தியாகிவிடுகிறது.

அப்படியானால் நியூட்ரலைத் தரையோடு சேர்க்காமலே விட்டிருக்கலாமே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். விட்டால் இரண்டு சிக்கல்கள்:

1. டிரான்ஸ்ஃபார்மருக்குள் உயர் மின்னழுத்தச் சுருளின் காப்பு உடைந்து கீழ்ச் சுருளோடு ஒட்டினால், வீட்டு ஒயர்கள் முழுவதும் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறும். அதை இறக்கிவிட வழியே இருக்காது. இடி விழும்போதும் இதே கதைதான்.

2. எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஒயர் தரையைத் தொட்டுவிட்டால் எந்த அறிகுறியும் தெரியாது. அந்தப் பழுது மறைந்தே கிடக்கும். அப்புறம் வேறொரு வீட்டில் இன்னொரு ஒயரை ஒருவர் தொடும் நாளில் அது உயிரை எடுக்கும். பழுது ஏற்பட்ட உடனே வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே நியூட்ரலைத் தரையோடு கட்டுகிறார்கள்.

மூன்றாவது ஒயரான எர்த், சாதாரண நேரத்தில் ஒரு வேலையும் செய்யாது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றின் உலோக உடம்போடு இணைந்து சும்மா காத்திருக்கும். மூன்று பின் உள்ள பல வகைப் பிளக்குகளில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படி.

## உடம்புக்கு எவ்வளவு தாங்கும்?

கொல்வது வோல்ட்டா ஆம்பியரா என்ற பட்டிமன்றம் ஓயாமல் நடக்கிறது. உடம்பைக் கெடுப்பது அதன் வழியே ஓடும் கரண்ட். எவ்வளவு ஓடும் என்பதை முடிவு செய்வது மின்னழுத்தமும் உடம்பின் தடையும். இரண்டையும் பிரித்துப் பேசிப் பயனில்லை.

உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கலாம். வியர்த்த, நனைந்த தோலில் அது சரிந்துவிடும். தோலைத் தாண்டி உள்ளே போனால் கைக்கும் காலுக்கும் இடையே ஏறக்குறைய 1,000 ஓம்தான். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

வீட்டு மின்சாரத்தில் உடம்பு எப்படி எதிர்வினை ஆற்றும் என்பது தோராயமாக இது:

1. 1 மில்லி ஆம்பியர்: லேசாகச் சுருக்கென்று தெரியும்.

2. 10 முதல் 16 வரை: கைத்தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தபோது, கையை விட முடியாமல் போகும் அளவு ஆண்களில் சராசரியாக 16 ஆகவும் பெண்களில் 10.5 ஆகவும் இருந்தது. "கரண்ட் பிடித்துக்கொண்டது" என்று சொல்கிறோமே, உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய சொந்தக் கைத்தசைதான்.

3. 30-ஐ ஒட்டி: மார்புத் தசைகள் இறுகி மூச்சு விடுவது சிரமமாகும்.

4. 50 முதல் 100, அதற்கு மேல்: ஒரு நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் இதய அறைகள் தாளம் தப்பி வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். ஒரு இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 நொடி ஆகிறது. அதற்குள் ஒரு சிறு கட்டத்தில்தான் இதயம் மிகவும் எளிதில் தாளம் தப்பும். கரண்ட் சில நூறில் ஒரு பங்கு நொடிகளில் நின்றுவிட்டால் அந்தக் கட்டத்தில் மாட்டாமல் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. பின்னால் ஆர்.சி.சி.பி. பற்றிப் பேசும்போது இது உதவும்.

## எம்.சி.பி. எதைப் பார்க்கிறது?

எம்.சி.பி.க்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர்: இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. அதிகக் கரண்டில் அது சூடாகி மெல்ல வளைந்து கொக்கியை விடுவிக்கும். இது ஓவர்லோடுக்கு. இன்னொருவர் அவசரக்காரர்: ஒரு மின்காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட்டில் கரண்ட் திடீரென்று பல மடங்கு எகிறும்போது கொக்கியை உடனே இழுத்துவிடும்.

உலக அளவில் பின்பற்றப்படும் தர விதிப்படி, வீட்டு எம்.சி.பி. அதன் மேல் எழுதியுள்ள அளவைப்போல 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும். 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துக்கொள்வோம். 18 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் விழாது. 23 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். இது குறை இல்லை. ஒயரின் தாமிரமும் அதன் மேலுறையும் சூடாவதற்கு எடுக்கும் நேரத்தை ஒட்டித்தான் இந்த அளவுகளை வைத்திருக்கிறார்கள். மோட்டார்கள் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் அவசரக்காரரும் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டியிருக்கிறது. பி வகை எம்.சி.பி.யில் 3 முதல் 5 மடங்கு, சி வகையில் 5 முதல் 10 மடங்கு வந்தால்தான் அவர் அசைவார்.

இப்போது உடம்பின் கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். உடம்பு வழியே ஓடக்கூடியது 0.23 ஆம்பியர். எம்.சி.பி. யோசிக்கத் தொடங்குவதே 16-க்கு மேல். அதன் கண்ணுக்கு ஒரு மனிதர், ஏறக்குறைய 53 வாட் இழுக்கும் ஒரு விளக்கு. அவ்வளவுதான் தெரியும். ஆம்பியர் குறைவான எம்.சி.பி. போட்டால் சரியாகுமா என்றால், 6 ஆம்பியர் போட்டாலும் நிலைமை மாறாது.

எம்.சி.பி.க்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது: லூஸ் கனெக்‌ஷன். 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர 20 மீட்டர், மொத்தம் 0.24 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் உண்டாகும் வெப்பம் 24 வாட். 20 மீட்டர் நீளத்தில் பரவுவதால் கையால் தொட்டால் கூடப் பெரிதாகத் தெரியாது. அதே அளவு தடை, திருகு சரியாக முடுக்காத ஒரு சாக்கெட் முனையில் இருந்தால்? அதே 24 வாட் ஒரு பயறு அளவு இடத்தில் குவிகிறது. எலக்ட்ரானிக்ஸ் வேலையில் ஒயர்களைப் பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோலான சால்டரிங் அயன் 25 வாட். பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ஒரு சால்டரிங் அயனை வைத்து மூடியதற்குச் சமம். ஓடுவது 10 ஆம்பியர்தான் என்பதால் எம்.சி.பி. பேசாமல் இருக்கும். வீட்டில் மின்சாரத்தால் பிடிக்கும் தீக்குப் பொத்தாம்பொதுவாக ஷார்ட் சர்க்யூட்டைக் குற்றம் சொல்கிறோம். ஷார்ட் சர்க்யூட்டை எம்.சி.பி. கவனித்துக்கொள்ளும். கவனிக்க ஆளில்லாதது இந்தத் தளர்ந்த முனைதான்.

## எர்த் போட்டால் மட்டும் போதுமா?

ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஃபேஸ் ஒயரின் உறை உரிந்து உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இல்லாவிட்டால் உடம்பு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஃபிரிட்ஜ் வழக்கம்போல ஓடும். யாராவது வெறுங்காலோடு கைப்பிடியைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது.

எர்த் இருந்தால் என்ன ஆகும் என்பது எர்த் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறையில், மின் நிறுவனமே எர்த்தையும் உலோக ஒயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் வரை கொண்டுபோகும். வழி முழுவதும் உலோகம் என்பதால் தடை மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எம்.சி.பி.யின் அவசரக்காரர் உடனே இழுத்துவிடுவார். இங்கே எர்த்தும் எம்.சி.பி.யும் சேர்ந்து ஆளையும் காக்கின்றன.

இரண்டாவது முறையில், வீட்டருகே குழி தோண்டி ஒரு குழாயையோ தகட்டையோ புதைத்து அதோடு எர்த்தைச் சேர்ப்பார்கள். கரண்ட் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வீட்டு மின்முனையின் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் மின்முனையின் தடை 5 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 25 ஓம். 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது! கரண்ட் மண்ணில் பாய்ந்துகொண்டே இருக்கும், மீட்டரும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னும் மோசம், ஃபிரிட்ஜின் உடம்பு தரையோடு ஒப்பிட 9.2 × 20 = 184 வோல்ட்டில் நிற்கும். எர்த் போட்டும் 184 வோல்ட்.

"கரண்ட் தடை குறைந்த வழியில்தான் போகும், எர்த் இருந்தால் நம்மிடம் வராது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது அரைகுறை உண்மை. திறந்திருக்கும் எல்லா வழியிலும் கரண்ட் பிரிந்து போகும். தடை குறைந்த வழியில் அதிகம், கூடிய வழியில் குறைவு. மேலே சொன்ன ஃபிரிட்ஜைத் தொடுபவர் உடம்பில் 184 ÷ 1,000 = 184 மில்லி ஆம்பியர் ஓடும். பக்கத்தில் எர்த் 9 ஆம்பியரை எடுத்துக்கொள்வது அவருக்கு எந்த ஆறுதலும் தராது.

## ஆர்.சி.சி.பி.: போனதும் வந்ததும் சமமா?

ஆளைக் காக்கும் கருவி கரண்டின் அளவைப் பார்த்துப் பயனில்லை என்பது இப்போது தெளிவாகியிருக்கும். பார்க்க வேண்டியது வேறொன்று. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். குறைந்தால், அந்தக் குறைவு வேறு வழியில் கசிகிறது. அந்த வழி ஒரு மனித உடம்பாக இருக்கலாம்.

ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு வளைய வடிவக் காந்த உள்ளகம் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வித்தியாசம் வந்தால் வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சி, அதில் சுற்றிய சிறு சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, கொக்கி விடுபடும். 20 ஆம்பியர் ஓடும்போதும் 30 மில்லி ஆம்பியர் குறைவதை இது கண்டுபிடிக்கும்.

30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் விழ வேண்டும். 30 கசிந்தால் 0.3 நொடிக்குள், அதைப்போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். அமெரிக்காவில் இதே வேலையை 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே செய்யும் கருவி புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு அடித்தளம் போட்டவர் மேலே சொன்ன அதே டால்சீல், 1961-ல்.

முன்பு 184 வோல்ட்டில் நின்ற ஃபிரிட்ஜுக்குத் திரும்பிப் போவோம். ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால், ஒயர் உடம்பைத் தொட்ட கணமே 9.2 ஆம்பியர் கசிந்திருக்கும், யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றிருக்கும். எர்த் அவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 50 வோல்ட் வரை பொதுவாக ஏற்கத்தக்கது என்று கொண்டால், 50 ÷ 0.03 கணக்கில் 1,600 ஓம் தடையுள்ள மோசமான எர்த்தும் இந்தக் கருவியை விழ வைத்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று துணை. எர்த் பழுதை முன்கூட்டியே வெளியே கொண்டுவருகிறது, ஆர்.சி.சி.பி. அதைப் பார்த்துத் துண்டிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் கசிவை அதற்குக் காட்டிக்கொடுப்பது ஒருவருடைய உடம்பாக இருக்கும்.

அதன் எல்லைகளையும் தெரிந்துவைக்க வேண்டும்:

1. ஷாக் அடிக்காமல் அது தடுக்காது. உடம்பில் 230 மில்லி ஆம்பியர் ஓடத்தான் செய்யும். அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை மட்டும் சுருக்கும். வலி இருக்கும், கை உதறும், ஏணியில் நிற்பவர் விழவும் கூடும்.

2. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. போனது முழுவதும் திரும்பி வருகிறதே! அதன் பார்வையில் அவர் ஒரு பல்பு.

3. ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும் அதன் வேலை இல்லை. எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த கருவியும் கிடைக்கிறது.

4. உள்ளே உள்ள பாகங்கள் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிப்போகலாம். அதனால்தான் முகப்பில் டெஸ்ட் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் ஒரு சிறு கசிவைத் தானே உண்டாக்கிப் பார்க்கும்.

மெட்டல் உடம்புள்ள கம்ப்யூட்டரைத் தொட்டால் லேசாகச் சுருசுருவென்று இருப்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அதன் மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குச் சிறு மின்தேக்கிகள் இருக்கும். எர்த் இணைந்திருந்தால் அந்தச் சிறு கசிவு எர்த்தில் போய்விடும். இல்லாவிட்டால் உடம்பு பாதி மின்னழுத்தத்தில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அந்தச் சுருசுருப்பு ஒரு செய்தி: அந்தக் கம்ப்யூட்டருக்கு எர்த் வந்து சேரவில்லை.

## நியூட்ரல் அறுந்தால்

ஃபேஸ் அறுந்தால் வீடு இருட்டாகும், அவ்வளவுதான். நியூட்ரல் அறுவது அதைவிட மோசம். அறுந்த இடத்தைப் பொறுத்து இரண்டு விதம்.

வீட்டுக்குள் ஒரு இடத்தில் அறுந்தால் விளக்குகள் அணையும். ஆனால் ஸ்விட்ச் போட்டிருக்கும் விளக்கு வழியாக ஃபேஸ் வந்து, அறுந்த முனை வரைக்கும் நியூட்ரல் ஒயரில் ஏறி நிற்கும். டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரியும். "கரண்டே இல்லை" என்று நினைத்து அந்த நியூட்ரலில் கை வைப்பவருக்கு முழு ஷாக்.

இதனால்தான், எர்த் ஒயர் இல்லாத இடத்தில் சாக்கெட்டின் எர்த் பின்னை அங்கேயே நியூட்ரலோடு சேர்த்துக் கட்டும் பழக்கத்தை எவ்வளவு கண்டித்தாலும் தகும். அப்படிக் கட்டியதும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். நியூட்ரல் அறுந்த நாளில், சாதனத்தின் உலோக உடம்பு எந்தப் பழுதும் இல்லாமலேயே ஃபேஸாக மாறிவிடும். எர்த் இல்லாமலே விட்டிருந்தால் இந்த ஆபத்தாவது வந்திருக்காது.

தெருவில் நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகள், திரும்பிப் போகும் பொதுவழி இல்லாமல், அந்த 400 வோல்ட்டைப் பங்குபோட வேண்டியதாகும். பங்கு தடையின் விகிதத்தில் வரும்:

1. முதல் வீட்டில் 1,000 வாட் சுமை. அதன் தடை சுமார் 53 ஓம்.

2. இரண்டாம் வீட்டில் 100 வாட் சுமை. தடை சுமார் 530 ஓம்.

3. மொத்தம் 583 ஓம். முதல் வீட்டுக்கு 400 × 53 ÷ 583, அதாவது 36 வோல்ட். இரண்டாம் வீட்டுக்கு மீதி 364 வோல்ட்.

அதிகம் இழுத்த வீட்டில் விளக்கு மங்குகிறது. சிக்கனமாக இருந்த வீட்டில் டி.வி.யும் சார்ஜரும் எரிந்துபோகின்றன. சில விளக்குகள் மங்கி, வேறு சில கண்ணைக் கூசும்படி எரிந்தால் மெயின் ஸ்விட்சை உடனே அணைக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை, ஒவ்வொரு நொடிக்கும் ஏதோ ஒரு சாதனம் போகும்.

## ஸ்விட்சும் டெஸ்டரும்

ஸ்விட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டிருந்தாலும் விளக்கு அணையும், எரியும். வித்தியாசம் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும். பல்பு மாற்றும் முன் ஸ்விட்சை மட்டும் நம்பாமல் எம்.சி.பி.யையும் அணைப்பது இதற்காகத்தான்.

நியான் டெஸ்டர் எரிந்தால் அங்கே மின்னழுத்தம் இருக்கலாம் என்று பொருள். எரியாவிட்டால் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. டெஸ்டர் பழுதாக இருக்கலாம், பிடித்தவர் தடித்த ரப்பர் செருப்பில் நிற்கலாம். ஃபேஸ் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, திரும்பவும் அந்த முதல் சாக்கெட்டில் சோதிப்பதே நம்பகமான முறை.

## வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

1. மின்பலகையில் டெஸ்ட் பொத்தானுள்ள கருவி இருக்கிறதா? எம்.சி.பி.யில் அந்தப் பொத்தான் இருக்காது. இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

2. அதில் எழுதியிருக்கும் கசிவு அளவு 30 மில்லி ஆம்பியரா? 100, 300 என்று இருப்பவை தீத்தடுப்புக்கானவை, ஆளைக் காக்க அவை போதாது.

3. எந்த சாக்கெட்டாவது சூடாக, பழுப்பேறி, அல்லது கருகிய வாசனையோடு இருக்கிறதா? ஹீட்டர், ஏ.சி. போன்றவை செருகும் இடத்தை முதலில் பாருங்கள்.

4. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியரில் மாற்றியிருக்கிறார்களா? ஒயர் பழையதாகவே இருந்தால், அதைக் காத்துக்கொண்டிருந்த ஒரே காவலையும் நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

5. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதை இணைப்பிலிருந்து கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். எல்லா சாதனங்களையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினால் கசியும் சாதனம் பெரும்பாலும் அகப்படும். எதுவும் செருகாமலே விழுந்தால் பழுது ஒயரிங்கில்.

## யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்

முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு முன் அவரைத் தொட்டால் தொடுபவரும் அதே சுற்றில் சேர்ந்துவிடுவார். அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கொண்டு ஒயரிலிருந்து அவரை விலக்கலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். உயர் மின்னழுத்தக் கம்பி என்றால் மின் துறை துண்டிக்கும்வரை அருகிலேயே போகக் கூடாது.

விலக்கிய பிறகு அழைத்தும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது, அந்த வேலையைக் கைகள் செய்கின்றன. அருகில் தானியங்கி டிஃபிபிரில்லேட்டர் (மின் அதிர்ச்சி கொடுத்து இதயத் தாளத்தைச் சீராக்கும் கருவி) இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் தானாக எழுந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், கரண்ட் மார்பைக் கடந்திருந்தாலோ சற்று நேரம் நினைவு தப்பியிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.